சான்றிதழும் கையொப்பமும்: ரானா பிளாசா விட்டுச் சென்ற பாடம்

2013 ஏப்ரல் 24, புதன்கிழமை. பங்களாதேஷ் தலைநகர் டாக்காவுக்கு அருகே சாவரில் ரானா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் காலை ஒன்பது மணிக்குச் சற்று முன்னர் இடிந்து விழுந்தது. 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அநேகர் ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் உடுப்புத் தைத்த இளம் பெண்கள்.

முதல் நாளே கட்டடத்தில் வெடிப்புகள் தெரிந்தன. கீழே இருந்த வங்கியும் கடைகளும் மறுநாள் திறக்கவில்லை. மேலே இருந்த ஆடைத் தொழிற்சாலைகள் திறந்தன. உள்ளே போகாவிட்டால் சம்பளம் கிடைக்காது என்று தொழிலாளர்கள் மிரட்டப்பட்டார்கள்.

“சேர், அந்த வெளிநாட்டுக் கம்பனிகள் வந்து சோதிக்கவில்லையா?” என்று வகுப்பில் பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல கேள்வி. சோதனை நடந்துதான் இருந்தது.

1990களில், வறிய நாடுகளின் தொழிற்சாலை நிலைமைகள் பத்திரிகைகளில் வெளிவந்து பெயர் கெட்டபோது, பெரிய கம்பனிகள் ‘நடத்தைக் கோவை’ எழுதத் தொடங்கின. அதைச் சரிபார்க்கத் தனியார் கணக்காய்வு நிறுவனங்கள் வந்தன. அவற்றுக்குக் கூலி கொடுப்பது கம்பனி, அல்லது தொழிற்சாலை முதலாளி. அறிக்கை இரகசியம். அதை வாசிக்க முடியாத ஒரே ஆள், அந்தக் கூரைக்குக் கீழே வேலை செய்யும் தொழிலாளி.

ரானா பிளாசாவில் இருந்த தொழிற்சாலைகளில் இரண்டு அப்படிச் சோதிக்கப்பட்டவைதான். அதற்கு முந்திய ஆண்டு, 2012 செப்டம்பர் 11 அன்று, கராச்சியில் அலி என்டர்பிரைசஸ் தொழிற்சாலை எரிந்து 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தீ வேண்டுமென்றே வைக்கப்பட்டது என்று பின்னர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் உள்ளே இருந்தவர்களை வெளியேற விடாமல் தடுத்தவை பூட்டிய கதவுகளும் ஜன்னல் கம்பிகளும். தீப்பிடிப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான் அந்தத் தொழிற்சாலைக்குச் சர்வதேசத் தராதரச் சான்றிதழ் கிடைத்திருந்தது.

ரானா பிளாசா விழுந்து மூன்று வாரங்களில் புதிய ஒரு விடயம் நடந்தது. 2013 மே மாதம் தொழிற்சங்கங்களும் ஆடைக் கம்பனிகளும் ‘அக்கோர்ட்’ என்ற உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. காலப்போக்கில் 200க்கும் மேற்பட்ட கம்பனிகள் சேர்ந்தன. சுமார் 1,600 தொழிற்சாலைகள் அதற்குள் வந்தன. சுயாதீனப் பொறியியலாளர்கள் சோதித்தார்கள். அறிக்கைகள் பகிரங்கமாக வெளியிடப்பட்டன. முதற்கட்டச் சோதனையிலேயே 80,000க்கும் மேற்பட்ட குறைபாடுகள் வெளிவந்தன. ஆபத்தான கட்டடத்துக்குள் போக மறுக்கும் உரிமை தொழிலாளிக்குக் கிடைத்தது. திருத்த வேலைக்குப் பணம் கிடைக்க வழிசெய்வது கம்பனியின் கடமையானது.

முக்கியமானது, அது சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். 2016இல் தொழிற்சங்கங்கள் இரண்டு கம்பனிகளுக்கு எதிராக ஹேக் நகரிலுள்ள நிரந்தர நடுத்தீர்ப்பு மன்றத்துக்குப் போயின. இரண்டும் இணக்கத்தில் முடிந்தன. அவற்றில் ஒரு கம்பனி 2.3 மில்லியன் டொலர் செலுத்த உடன்பட்டது. நடத்தைக் கோவையை மீறியதற்காக எந்தத் தொழிலாளி அப்படி வழக்குப் போட்டிருக்க முடியும்?

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. அக்கோர்ட் கட்டடத்தையும் தீயையும் மின்சாரத்தையும் பார்த்தது. சம்பளத்தைப் பார்க்கவில்லை. டாக்காவைச் சுற்றியுள்ள ஆறுகளில் கலக்கும் சாயக் கழிவையும் பார்க்கவில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பத்தான் பிரான்ஸ் 2017இலும் ஜேர்மனி 2021இலும் சட்டம் இயற்றின. தம் கம்பனிகள் வெளிநாட்டில் பொருள் வாங்கும் இடங்களிலும் மனித உரிமையையும் சூழலையும் கவனிக்க வேண்டும் என்பது அவற்றின் சாரம். அக்கோர்ட் முறை 2023இல் பாகிஸ்தானுக்கும் போனது. கராச்சி எரிந்து பத்து ஆண்டுகளுக்குப் பிறகு!

கட்டுநாயக்கவிலும் பியகமவிலும் நம் நாட்டுப் பெண்கள் தைக்கும் உடுப்புகளும் இதே சந்தைக்குத்தான் போகின்றன. ஆகவே இது பக்கத்து வீட்டுக் கதை அல்ல. ஒரு கம்பனி “நாங்கள் சோதித்துவிட்டோம்” என்று சொன்னால் மூன்று கேள்விகள் கேளுங்கள். சோதித்தவருக்குக் காசு கொடுத்தது யார்? அறிக்கையைத் தொழிலாளி வாசிக்கலாமா? சொன்னதைச் செய்யாவிட்டால் எந்த மன்றத்துக்குப் போகலாம்?

மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால், கையில் இருப்பது வெறும் சான்றிதழ்தான்.