1968: பொருட்காட்சியும் வடசென்னையும்

1968 ஜனவரியில் சென்னையில் திருவிழாவுக்கு மேல் திருவிழா. மாதத் தொடக்கத்தில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு. கடற்கரைச் சாலை நெடுகச் சிலைகள். அந்த ஆரவாரம் ஓயுமுன்னே, நடுவக்கரைப் பக்கத்து வயல்வெளியில் சர்வதேச வர்த்தகத் தொழில் பொருட்காட்சி. அதன் அடையாளமாக 135 அடி உயரத்தில் விசுவேசுவரய்யா கோபுரம் எழுந்தது. மைசூர் முதல்வர் நிஜலிங்கப்பா ஜனவரி 21 அன்று திறந்து வைக்க, முதல்வர் அண்ணா உடன் இருந்தார். கட்டியவர் கீழக்கரை பி.எஸ்.அப்துர் ரஹ்மான்.

அது உலகப் பொருட்காட்சிகளின் காலம். 1958-இல் பிரஸ்ஸல்ஸ் அணுவின் வடிவில் அட்டோமியத்தை எழுப்பியது. 1962-இல் சியாட்டில் 605 அடிக்குக் கோபுரம் கட்டியது. 1967-இல் மாண்ட்ரீயல். நாளை உலகம் எப்படியிருக்கும் என்று காட்ட ஊருக்கு ஊர் போட்டி. நம் கோபுரத்தில் வளைந்து வளைந்து மேலே ஏறினால் சுற்றிலும் வெட்டவெளி. பொருட்காட்சி முடிந்தபின் அந்த வெளியில்தான் வீட்டுவசதி வாரியம் நேர்நேரான தெருக்களோடு அண்ணா நகரை அமைத்தது.

எனக்கோ அந்த ஆண்டை நினைத்தால் கண் வடக்கே போகிறது. நாளைய உலகத்துக்கான உழைப்பெல்லாம் அங்கேதான் நடந்தது. மணலியில் இந்திய அரசும், அமெரிக்காவின் அமோகோவும், ஈரான் தேசிய எண்ணெய் நிறுவனமும் சேர்ந்து சுத்திகரிப்பு ஆலை கட்டிக்கொண்டிருந்தன. 1969-இல் அது ஓடத் தொடங்கியது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-இல் மின்சாரம் தந்தது. அதே எண்ணூரில் அசோக் லேலண்ட் 1967-லேயே டைட்டன் மாடிப் பேருந்தை இறக்கியிருந்தது. முதல் ஷிஃப்டுக்குச் சங்கு ஊதும்போது திருவொற்றியூர் நெடுஞ்சாலையே சைக்கிளால் நிறைந்துவிடும்.

அந்தச் சைக்கிள்காரர்களின் தெருக்களுக்கு அண்ணா நகர் போல ஒரு வரைபடத்தை யாரும் போடவில்லை. ஆலைகளுக்கு நடுவே கிடைத்த இடத்தில் குடியிருப்புகள் முளைத்தன. மின் நிலையச் சாம்பல் எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்து, இறால் பிடித்துப் பிழைத்தவர்களின் வயிற்றில் அடித்தது. நகரம் வடக்குக்குச் செய்த அநீதி இது.

அந்தத் தொழிலாளிகளின் கைத்திறனுக்கோ குறைவே இல்லை. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து நிறுவனத்தோடு கூட்டு வைத்து, 1955-இல் தொடங்கியது என்ஃபீல்டு இந்தியா. திருவொற்றியூர்த் தொழிலாளிகள் முதலில் அங்கிருந்து வந்த புல்லட் மோட்டார் சைக்கிள் பாகங்களைப் பூட்டினார்கள். பிறகு முழு புல்லட்டையும் தாங்களே செய்தார்கள். 1970 வாக்கில் ரெட்டிச் கம்பெனி மூடப்பட்டது. 1977 முதல் திருவொற்றியூர் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது.