தமிழில் கணிதக் கலைச்சொற்கள்

தமிழில் கணிதக் கலைச்சொற்கள் என்பது எண், அளவை, வடிவியல், இயற்கணிதம், நுண்கணிதம் முதலியவற்றின் கருத்துருக்களைத் தமிழில் குறிக்கப் பயன்படும் சொற்களின் தொகுதியாகும். இவற்றுள் ஒரு பகுதி வணிகம், வேளாண்மை, நில அளவை ஆகியவற்றில் நெடுங்காலம் வழங்கிவந்த சொற்கள். மற்றொரு பகுதி 19ஆம், 20ஆம் நூற்றாண்டுகளில் பள்ளிக் கல்விக்காக ஆக்கப்பட்டவை. இவ்விரு பகுதிகளும் பெரும்பாலும் ஒன்றோடொன்று இணையாமலேயே வளர்ந்தன. புழக்கத்தில் இருந்த சொற்கள் பல பாடநூலில் இடம்பெறவில்லை. பாடநூற் சொற்கள் பல வகுப்பறைக்கு வெளியே வழங்கவில்லை.

மரபுச் சொற்கள்

தமிழ் எண் முறையில் ஒன்று முதல் ஒன்பது வரையுள்ள எண்களோடு பத்து (௰), நூறு (௱), ஆயிரம் (௲) ஆகியவற்றுக்கும் தனிக் குறியீடுகள் உண்டு. பின்னங்களுக்குத் தனிப் பெயர்களும் குறியீடுகளும் இருந்தமை இம்முறையின் சிறப்பாகும். ஒன்றை இருபதாகப் பகுத்தால் ஒரு பங்கு மா (1/20). மாவில் நான்கில் ஒன்று காணி (1/80). காணியில் நான்கில் ஒன்று முந்திரி (1/320). இதற்கு இணையாகக் கால் (1/4), அரைக்கால் (1/8), வீசம் அல்லது மாகாணி (1/16) என இரண்டிரண்டாகப் பகுக்கும் வரிசையும் வழங்கியது. முந்திரிக்குக் கீழ்ப்பட்ட நுண்ணிய அளவுகள் 'கீழ்' என்னும் அடைமொழி பெற்றன. எடுத்துக்காட்டாக, கீழ்முந்திரி என்பது 1/102400 ஆகும். பின்னக் குறியீடுகள் உள்ளிட்ட 51 தமிழ்க் குறியீடுகள் 2019ஆம் ஆண்டு வெளியான ஒருங்குறியின் 12.0ஆம் பதிப்பில் சேர்க்கப்பட்டன.

காரி நாயனார் இயற்றிய கணக்கதிகாரம் இம்மரபில் புகழ்பெற்ற நூலாகும். திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம், குழிமாற்று ஆகியவை மனனம் செய்யப்பட்டன. பொன்னிலக்கம் எண்களையும் பின்னங்களையும், நெல்லிலக்கம் முகத்தலளவையையும், குழிமாற்று பரப்பளவையும் பயிற்றின. இக்கல்வி குறித்து ஆய்வாளர் செந்தில்பாபுவின் நூல் 2022ஆம் ஆண்டு வெளிவந்தது.

கரிசல் வட்டார வழக்கு

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பகுதிகளை உள்ளடக்கிய கரிசல் நிலம் மானாவாரி வேளாண்மையைச் சார்ந்தது. பருத்தியும் சிறுதானியங்களும் பயறு வகைகளும் இங்கு விளைகின்றன. கோவில்பட்டியில் 1901ஆம் ஆண்டு முதல் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இயங்கி வருகிறது. மழையை நம்பிய இவ்வேளாண்மையில் விதை, கூலி, குத்தகை, விளைச்சல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் கணக்கு இன்றியமையாததாக இருந்தது. எனவே, எழுதப் படிக்க அறியாதோரிடத்தும் வளமான கணிதச் சொல்வழக்கு நிலவியது.

நிலத்திற்குக் குறுக்கம், தானியத்திற்குக் கோட்டை, மரக்கால், படி என்னும் அளவைச் சொற்கள் இப்பகுதியில் வழங்கின. படியில் பாதி உரி, காற்பங்கு உழக்கு, அரைக்காற்பங்கு ஆழாக்கு ஆகும். வீட்டிலிருந்த இப்பாத்திரங்களே 1/2, 1/4, 1/8 என்னும் பின்னங்களைக் கண்ணால் காட்டும் கருவிகளாகவும் இருந்தன. பஞ்சின் விலை இன்றும் 356 கிலோகிராம் கொண்ட கண்டிக் கணக்கில் கூறப்படுகிறது. தீப்பெட்டித் தொழிலில் குரோசு (144), பண்டல் (600 பெட்டிகள்) ஆகியவை எண்ணலகுகளாக வழங்குகின்றன. ஏறத்தாழ முழுவதும் என்னும் பொருளில் வழங்கும் 'முக்காலே மூணு வீசம்' என்னும் தொடர் 3/4 + 3/16 = 15/16 என்னும் கூட்டலைத் தன்னுள் கொண்டுள்ளது. கோவில்பட்டியை அடுத்த இடைசெவலைச் சேர்ந்த எழுத்தாளர் கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களை அகராதியாகத் தொகுத்தார்.

இந்தியாவில் 1957 ஏப்ரல் 1 முதல் பதின்ம நாணய முறையும் அதைத் தொடர்ந்து மெட்ரிக் அளவைகளும் நடைமுறைக்கு வந்தன. அதுவரை ஒரு ரூபாய் 16 அணா என்பதால் வீசம் என்பது கடைத்தெருவில் கையாளப்பட்ட பின்னமாக இருந்தது. புதிய முறை கணக்கிடுதலை எளிதாக்கியது. அதே வேளையில் மா, காணி, வீசம் ஆகியவை அன்றாடத் தேவையை இழந்தன. அரை, கால், முக்கால் ஆகியவை மட்டும் பொது வழக்கில் நிலைத்தன.

தற்காலக் கலைச்சொல்லாக்கம்

மேலைக் கணிதத்தைத் தமிழில் எழுதும் முயற்சி யாழ்ப்பாணத்தில் முன்னதாகவே தொடங்கியது. வட்டுக்கோட்டை செமினரியோடு தொடர்புடைய கறல் விசுவநாதபிள்ளை எழுதிய வீசகணிதம் என்னும் நூல் 1855ஆம் ஆண்டு வெளிவந்தது. தமிழ்நாட்டில் 1916ஆம் ஆண்டு இராஜாஜியும் பிறரும் சேலத்தில் அறிவியற் சொற்களுக்கான சங்கம் ஒன்றை நிறுவி இதழும் நடத்தினர். எட்டயபுரத்தில் பிறந்த சுப்பிரமணிய பாரதியும் தமிழில் சாத்திரப் பரிபாஷை அமைப்பது குறித்து எழுதியுள்ளார்.

அடுத்த பெருமுயற்சி கோவில்பட்டி அப்போது அடங்கியிருந்த திருநெல்வேலி மாவட்டத்தில் உருவானது. நெல்லையிலிருந்து இயங்கிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம், இ. மு. சுப்பிரமணிய பிள்ளையின் முயற்சியால் கலைச்சொல் தொகுப்பில் ஈடுபட்டது. 1936ஆம் ஆண்டு சென்னையில் விபுலானந்த அடிகள் தலைமையில் கலைச்சொல்லாக்க மாநாடு கூடியது. கணிதம் உள்ளிட்ட பல துறைகளின் சொற்கள் 1938ஆம் ஆண்டு 'கலைச்சொற்கள்' என்னும் பெயரில் நூலாக வெளிவந்தன. 1940ஆம் ஆண்டு வி. எஸ். சீனிவாச சாத்திரியார் தலைமையில் சென்னை மாகாண அரசு குழு அமைத்தபோது, இந்திய மொழிகளுக்குப் பொதுவாக வடமொழிச் சொற்களை ஏற்பதா, தமிழ் வேர்களிலிருந்து ஆக்குவதா என்னும் விவாதம் வலுத்தது.

இன்று மூவகைச் சொற்களும் வழக்கில் உள்ளன. மாறி, மாறிலி, பகா எண், சமன்பாடு, நிகழ்தகவு ஆகியவை தமிழ் வேர்களிலிருந்து ஆக்கப்பட்டவை. பின்னம், தசமம், வர்க்கம், கனம் ஆகியவை வடமொழி வழி வந்தவை. சைன், கொசைன் போன்றவை ஒலிபெயர்ப்புகள். பழைய சொல் புதுப்பொருள் பெறுதலும் உண்டு. வீட்டில் தானியம் அளக்கும் படி, இயற்கணிதத்தில் பல்லுறுப்புக்கோவையின் அடுக்கைக் குறிக்கிறது.

தமிழ்நாடு - இலங்கை வேறுபாடுகள்

இரு நாடுகளிலும் கலைச்சொற்கள் தனித்தனி அமைப்புகளால் ஆக்கப்பட்டதால் ஒரே கருத்துக்கு வெவ்வேறு சொற்கள் நிலவுகின்றன.

| கருத்து | தமிழ்நாடு | இலங்கை |
|---|---|---|
| எண்களுக்கு மாற்றாக எழுத்துகளைக் கையாளும் கணிதம் | இயற்கணிதம் | அட்சரகணிதம் |
| வடிவங்களைப் பற்றிய கணிதம் | வடிவியல் | கேத்திரகணிதம் |
| வரையறுக்கப்பட்ட பொருள்களின் தொகுப்பு | கணம் | தொடை |
| நிரை, நிரல்களில் அமைந்த எண்கள் | அணி | தாயம் |
| அளவும் திசையும் கொண்டது | வெக்டர், திசையன் | காவி |
| வட்டத்தின் மையத்திலிருந்து பரிதி வரையுள்ள தொலைவு | ஆரம் | ஆரை |
| ஒன்றாலும் தன்னாலும் மட்டும் வகுபடும் எண் | பகா எண் | முதன்மை எண் |

பிற நாடுகளில்

இத்தகைய சிக்கல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஆப்பிரிக்காவில் நைசீரியாவின் யொருபா மொழி எண்களை இருபதின் அடிப்படையிலும் கழித்தல் முறையிலும் பெயரிடுகிறது. அதில் ஐம்பது என்பது மூன்று இருபதுகளில் பத்துக் குறைந்தது எனப் பொருள்படும். தமிழிலும் ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம் ஆகியவை அடுத்து வரும் பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றின் பெயரைத் தாங்கி நிற்பது ஒப்புநோக்கத்தக்கது. 1970ஆம் ஆண்டு நைசீரியாவின் இஃபே நகரில் தொடங்கிய ஆறாண்டுத் தொடக்கக் கல்வித் திட்டத்தில் கணிதம் முதலிய பாடங்கள் யொருபா மொழியில் கற்பிக்கப்பட்டன. தான்சானியாவில் தொடக்கப் பள்ளியில் சுவாகிலியிலும் இடைநிலைப் பள்ளியில் ஆங்கிலத்திலும் கற்கும் முறை நெடுங்காலம் நிலவியதால், மாணவர் கணிதச் சொற்களை இருமுறை கற்க நேர்ந்தது.

பயன்பாடும் சிக்கல்களும்

தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு வரை கணிதத்தைத் தமிழில் பயில இயலும். 2010ஆம் ஆண்டு அண்ணா பல்கலைக்கழகம் குடிசார், இயந்திரப் பொறியியல் படிப்புகளைத் தமிழ்வழியில் தொடங்கியது. ஆயினும் உயர்கல்வி பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைவதால், தமிழ்வழி மாணவர் தாம் முன்பே அறிந்த கருத்துகளை வேறு பெயர்களில் மீண்டும் அடையாளம் காண வேண்டியுள்ளது. கணிதம் அறிந்த மாணவரும் சொல் அறியாமையால் பின்தங்கியவராகத் தோன்றுவதற்கு இது காரணமாகிறது. இடர்ப்பாட்டைக் குறைக்கும் பொருட்டு அண்மைக் காலப் பாடநூல்களில் இருமொழிக் கலைச்சொற் பட்டியல் இணைக்கப்படுகிறது.

இதே இடைவெளி தொடக்க வகுப்பிலும் உண்டு. ஆழாக்கையும் உழக்கையும் கையாண்டு வளர்ந்த தலைமுறைக்குப் பின்னம் புதிய கருத்தன்று. 'பின்னம்' என்னும் சொல்லே புதியது. கோவில்பட்டி போன்ற வட்டாரங்களின் அளவைச் சொற்கள் அவற்றைப் பயன்படுத்திய முதியோரோடு மறைந்து வருவதால், அவற்றைத் தொகுப்பது மொழியியலுக்கும் கணிதக் கல்விக்கும் ஒருங்கே பயன்படும்.

இவற்றையும் பார்க்க

- தமிழ் எண்கள்
- கணக்கதிகாரம்
- தமிழர் அளவைகள்
- கலைச்சொல்லாக்கம்