கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே



கச்சான் வீசத் தொடங்கினால் வாவிக்கரை ஊர்களில் ஒரே பேச்சு: "ஊட்டுக்குள்ள இரிக்க ஏலா." அதற்கு இப்போது ஒரே மருந்து ஏசி. ஆனால் நம் தலைக்கு மேலே, கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே, யாரும் வசிக்காத ஓர் அறை இருக்கிறது. அதற்கும் ஒரு வரலாறு உண்டு.

கிடுகு வீட்டில் சீலிங் கிடையாது. சூடான காற்று மேலெழுந்து ஓலை இடுக்குகளால் வெளியேறிவிடும். பிறகு ஓடு வந்தது. பாசல் மிஷன் 1865 இல் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையின் ஓடுகள் கப்பலேறி இலங்கைக்கும் வந்தன. ஓட்டுக் கூரையும் ஓடுகளின் இடைவெளிகளால் மூச்சு விடும்.

1978 நவம்பர் 23 சூறாவளி எல்லாவற்றையும் மாற்றியது. கூரை விளிம்பால் உள்ளே புகும் காற்று, கூரையை அடியிலிருந்தே தூக்கிவிடும். அதைக் கண்ணால் கண்ட ஊர், இடைவெளிகளை அடைக்க விரும்பினால் குற்றம் சொல்ல முடியாது. சீற் கூரை, அதன் கீழே சீலிங், சுற்றிவர அடைப்பு என்று இன்று கட்டுகிறோம். காற்றுக்கு உள்ளே வர வழியில்லை. சூட்டுக்கு வெளியே போகவும் வழியில்லை.

இந்த இடைவெளியைக் கணக்கில் எடுக்க உலகம் நீண்ட காலம் உழைத்திருக்கிறது. வெப்பம் ஒரு பொருளுக்குள் எப்படிக் கடத்தப்படுகிறது என்பதற்கான சமன்பாட்டை ஃபூரியே 1822 இல் நூலாக வெளியிட்டார். 1902 இல் புரூக்ளின் அச்சகம் ஒன்றின் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்த வில்லிஸ் கேரியர் வடிவமைத்த இயந்திரத்திலிருந்து நவீன ஏசியின் கதை தொடங்குகிறது. நாசி ஆட்சியால் ஜேர்மனியை விட்டு வெளியேறி, 1939 இல் மைசூர் அரசின் கட்டடக்கலைஞரான ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர், வெப்பமண்டலக் கூரைகளைப் பற்றி மட்டுமே 1965 இல் இன்னொருவருடன் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார். இன்று எனர்ஜிபிளஸ் போன்ற கணினி மென்பொருள்கள் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் வெப்பத்தைக் கணக்கிடுகின்றன.

இந்தக் கணக்கில் ஒரு முக்கிய கோடு உண்டு. ஐஎஸ்ஓ 6946 என்ற சர்வதேச நியமப்படி, 300 மில்லிமீற்றர், அதாவது ஏறக்குறைய ஓர் அடி வரையான இடைவெளியைக் கூரையின் இன்னொரு படையாகவே எண்ணலாம். அதைத் தாண்டினால், தனக்கென ஒரு வெப்பநிலை கொண்ட தனி இடமாகக் கணக்கிட வேண்டும். நம் சாய்வுக் கூரை வீடுகளில் பெரும்பாலும் இரண்டாவதுதான்.

அதே நியமத்தில் இன்னொரு பாடமும் இருக்கிறது. வெப்பம் மேலிருந்து கீழே வரும்போது, மூடிய காற்று இடைவெளி 100 மில்லிமீற்றராக இருந்தால் அதன் வெப்பத்தடை 0.22, மூன்று மடங்காக்கி 300 ஆக்கினால் 0.23. அவ்வளவுதான்! "உயரமாக் கட்டினா குளிரும்" என்ற நம்பிக்கை, மூடிய இடைவெளிக்குப் பொருந்தாது. காரணம் சாதாரண தர விஞ்ஞானப் பாடத்திலேயே இருக்கிறது. சூடான காற்று ஏற்கெனவே மேலே நிற்பதால் மேற்காவுகை குறைவு; சுட்ட சீற்றிலிருந்து சீலிங்குக்கு வருவது பெரும்பாலும் கதிர்ப்பு. கதிர்ப்புக்கு உயரம் தடையல்ல. பளபளக்கும் அலுமினியத் தாள்தான் தடை. அதையும் கூரைக்குக் கீழே, பளபளக்கும் பக்கம் கீழ்நோக்கி இருக்கும்படி கட்டினால் தூசு படியாது.

ஆகவே, பழைய வீட்டைக் குளிர்வித்தது உயரம் மட்டுமல்ல, சூடு வெளியேறிய வழியும்தான். நாம் உயரத்தை வைத்துக்கொண்டு வழியை அடைத்துவிட்டோம்.

இது வெறும் விஞ்ஞானப் பேச்சல்ல. மின்கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 சதவீதமும் கூட்டப்பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அறையின் நீள அகலத்தை மட்டும் அளந்து ஏசி வாங்கினால், மேலே இருக்கும் அந்த அறையின் சூட்டுக்கும் சேர்த்து மாதாமாதம் பணம் கட்டுகிறோம். பள்ளிவாசலில் என்றால் அது ஜமாஅத்தாரின் பணம்.

ஏசிக்கு விலை கேட்கும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். சீலிங்குக்கு மேலே எத்தனை அடி இடைவெளி? கூரைக்கு அடியில் அலுமினியத் தாள் இருக்கிறதா? சூடு வெளியேற, வலை அடித்த சிறு துவாரங்களாவது இருக்கின்றனவா? துவாரம் வைக்கும்போது கூரையை நன்றாக இறுக்கிக் கட்டவும் மறக்கவேண்டாம். சூறாவளி சொன்ன பாடமும் பாடம்தான்.

வீண்விரயம் கூடாது என்று மிம்பரில் கேட்கிறோம். அந்தப் பேச்சை மிம்பருக்கு மேலே இருக்கும் சீலிங்கிலிருந்தும் தொடங்கலாம்.