சிங்கப்பூரில் கசிவுச் செய்திகளும் ஊடகத்தார் மீதான ஐயமும்

அரசின் கண்காணிப்பு, உளவு, பாதுகாப்பு நடவடிக்கைகள் பற்றிக் கசியும் தகவல்களைச் செய்தியாக்குவோரையும் படமாக்குவோரையும் ஐயத்தோடு அணுகும் போக்கு சிங்கப்பூரின் பொதுவாழ்வில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இருந்துவருகிறது. 'சொன்னது உண்மையா' என்பதற்கு முன்பே 'யார் சொன்னது, யாருக்காகச் சொன்னது, பணம் எங்கிருந்து வந்தது' என்று கேட்பது இப்போக்கின் அடையாளம். வெளிநாட்டுத் தலையீடு, இனப்பூசல் பற்றிய அச்சம் அரசின் ஐயத்துக்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. உள்ளூர் நாளிதழ்களுக்கும் அரசுக்கும் உள்ள நெருக்கம் வாசகரின் ஐயத்துக்குக் காரணம். இரு தரப்பிலும் ஐயம் உண்டு. சட்டத்தின் துணை ஒரு தரப்புக்கே உண்டு.

சட்டப் பின்னணி

அதிகாரத்துவ ரகசியச் சட்டம் பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில், 1935இல் இயற்றப்பட்டது. அரசு ஊழியர் ரகசியத்தை வெளியிடுவது மட்டுமல்ல, சட்டத்தை மீறித் தரப்படுகிறது என்று தெரிந்தே அதைப் பெற்றுக்கொள்வதும் இதன்படி குற்றம். பொதுநலன் கருதி வெளியிட்டேன் என்ற எதிர்வாதத்துக்கு இதில் இடமில்லை. இந்தியாவில் 2005 முதல் நடப்பில் உள்ள தகவல் அறியும் உரிமைச் சட்டம் போன்ற ஒன்று சிங்கப்பூரில் கிடையாது. ஆகவே அரசு தானாக வெளியிடாத தகவலை மனுப்போட்டு உரிமையாகக் கேட்டுப்பெற வழியில்லை.

செய்தித்தாள், அச்சகங்கள் சட்டம் 1974இல் வந்தது. நாளிதழ் நிறுவனங்களில் 'நிர்வாகப் பங்கு' என்ற தனிவகையை அது ஏற்படுத்தியது. இயக்குநர், ஊழியர் நியமனம் தொடர்பான வாக்கெடுப்பில் இத்தகைய ஒரு பங்குக்கு 200 சாதாரணப் பங்குகளின் பலம் உண்டு. அதை யார் வைத்திருக்கலாம் என்பதற்கு அரசின் ஒப்புதல் வேண்டும். உள்நாட்டு அரசியலில் தலையிடுவதாகக் கருதப்படும் வெளிநாட்டு ஏடுகளின் விற்பனையைக் குறைக்க 1986இல் திருத்தம் செய்யப்பட்டது. டைம், ஏஷியன் வால் ஸ்திரீட் ஜர்னல், ஏஷியாவீக், ஃபார் ஈஸ்டர்ன் எகனாமிக் ரிவியூ ஆகியவை அடுத்தடுத்து இதற்கு உள்ளாயின. திரைப்படங்களுக்கு 1981ஆம் ஆண்டின் சட்டமும், கட்சி அரசியல் படங்களைத் தடைசெய்த 1998ஆம் ஆண்டுத் திருத்தமும் பொருந்தின. இணையப் பொய்ச் செய்திகளுக்கு எதிரான பொஃப்மா சட்டம் 2019இலும், வெளிநாட்டுத் தலையீட்டுக்கு எதிரான ஃபிக்கா சட்டம் 2021இலும் நிறைவேறின.

ஐயத்தின் தோற்றம்

ஊடகம் தீ மூட்டும் என்ற அச்சத்துக்குச் சான்றாக அரசுத் தரப்பு அடிக்கடி சுட்டுவது மரியா ஹெர்டோக் கலவரம். ஒரு சிறுமியின் வளர்ப்புரிமை வழக்கு பற்றிய செய்திகளும் படங்களும் உணர்ச்சியைக் கிளறிய நிலையில், 1950 டிசம்பரில் மூண்ட அக்கலவரத்தில் 18 பேர் இறந்தனர். 1964ஆம் ஆண்டு இனக்கலவரமும் இதே வரிசையில் நினைவுகூரப்படுகிறது.

வெளிநாட்டுப் பணம் என்ற குற்றச்சாட்டு 1971இல் முழு உருவம் பெற்றது. அந்த ஆண்டு மே மாதம் நன்யாங் சியாங் பாவ் நாளிதழின் பொறுப்பாளர்கள் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் கைதாயினர். கம்யூனிஸ்டுப் பணம் பெற்றதாகச் சொல்லப்பட்ட ஈஸ்டர்ன் சன் மூடப்பட்டது. நிதி வந்த வழி சந்தேகத்துக்குரியது எனக் கூறி சிங்கப்பூர் ஹெரால்டின் உரிமம் ரத்துசெய்யப்பட்டது. அடுத்த மாதமே ஹெல்சிங்கியில் கூடிய அனைத்துலகப் பத்திரிகைக் கழகத்தில் பேசிய பிரதமர் லீ குவான் இயூ, பத்திரிகைச் சுதந்திரம் நாட்டின் ஒருமைப்பாட்டுக்குக் கட்டுப்பட்டது என்று வாதிட்டார்.

பிசினஸ் டைம்ஸ் வழக்கு

அதிகாரத்துவ ரகசியச் சட்டத்தின்கீழ் ஊடகத்தார் சிக்கிய வழக்குகளில் பெரிதும் பேசப்பட்டது இது. 1992 ஜூன் இறுதியில், அவ்வாண்டின் இரண்டாம் காலாண்டு வளர்ச்சி 4.6 விழுக்காடாக இருக்கும் என்ற அதிகாரபூர்வ முன்மதிப்பீட்டை பிசினஸ் டைம்ஸ் வெளியிட்டது. அப்போது அரசு அதை அறிவித்திருக்கவில்லை. ஏட்டின் ஆசிரியர் பேட்ரிக் டேனியல், செய்தியாளர் கென்னத் ஜேம்ஸ், பங்குத் தரகு நிறுவனமான கிராஸ்பியின் பொருளியலாளர்கள் மனு பாஸ்கரன், ரேமண்ட் ஃபூ, சிங்கப்பூர் நாணய ஆணையத்தில் பொருளியல் துறை இயக்குநராக இருந்த தர்மன் சண்முகரத்னம் ஆகிய ஐவர் மீது வழக்குத் தொடரப்பட்டது.

விசாரணை ஓராண்டுக்கு மேல் நீண்டது. யாழ்ப்பாணத் தமிழ் வம்சாவளியினரான தர்மன், தகவலைத் தாம் தரவில்லை என்று மறுத்தார். கவனக்குறைவால் ரகசியத்துக்கு ஆபத்து விளைவித்தார் என்ற குறைந்த குற்றச்சாட்டில் அவருக்கு 1994இல் 1,500 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. மற்ற நால்வரும் அபராதம் செலுத்தினர்.

செய்தி பொய்யென்பது இவ்வழக்கின் குற்றச்சாட்டு அல்ல. அரசு சொல்லுமுன் அது வெளிவந்ததே குற்றம். உளவோடு தொடர்பில்லாத ஒரு புள்ளிவிவரத்துக்கே இச்சட்டம் பாயும் என்பது செய்தி அறைகளுக்குப் பாடமானது. தீர்ப்பு எவருடைய வாழ்வையும் முடக்கிவிடவில்லை. பேட்ரிக் டேனியல் பின்னர் நாளிதழ் நிறுவனமான சிங்கப்பூர் பிரஸ் ஹோல்டிங்சின் உயர் பொறுப்புகளுக்கு வந்தார். தர்மன் 2001இல் நாடாளுமன்றம் சென்று, துணைப் பிரதமராகி, 2023இல் 70.4 விழுக்காட்டு வாக்குகளுடன் அதிபரானார். இன்று அதே வகை முன்மதிப்பீட்டைக் காலாண்டு முடிந்து ஏறத்தாழ இரண்டு வாரத்தில் வர்த்தக, தொழில் அமைச்சே வெளியிடுகிறது. சட்டத்தின் அடிப்படை மட்டும் மாறவில்லை.

வெளியிலிருந்து வந்த கசிவுகள்

உளவு தொடர்பான பெரிய கசிவுகள் சிங்கப்பூரை வெளிநாட்டு ஏடுகள் வழியாகவே எட்டின. விக்கிலீக்ஸ் பெற்ற அமெரிக்கத் தூதரக ஆவணங்களை ஆதாரமாகக் கொண்டு, அண்டை நாடுகள் பற்றிச் சிங்கப்பூர் அதிகாரிகள் கூறியதாகச் சொல்லப்பட்ட கருத்துகளை ஆஸ்திரேலிய ஏடுகள் 2010 டிசம்பரில் வெளியிட்டன. வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் இயோ அவற்றை விருந்துப் பேச்சின் இயல்புடையவை என்றும், சூழலோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றும் கூறினார்.

அமெரிக்க உளவு அமைப்பில் பணியாற்றிய எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்களின் அடிப்படையில், ஜப்பானிலிருந்து சிங்கப்பூர் வழியாக ஐரோப்பா செல்லும் 'சி-மீ-வீ 3' கடலடிக் கம்பிவடத்தை இடைமறிக்கச் சிங்கப்பூர் உளவுத்துறை ஒத்துழைத்ததாக ஆஸ்திரேலியாவின் ஃபேர்ஃபேக்ஸ் ஏடுகள் 2013இல் எழுதின. மலேசியா, கோலாலம்பூரில் இருந்த சிங்கப்பூர்த் தூதரை அழைத்து விளக்கம் கேட்டது. அப்போதைய வெளியுறவு அமைச்சர் கா. சண்முகம், செய்தியின் உண்மையைச் சரிபார்க்கத் தங்களுக்கு வழியில்லை என்றும், நட்பு நாடுகளுக்குத் தீங்கு செய்வதில் அக்கறை இல்லை என்றும் பதிலளித்தார். ஆமென்றும் சொல்லாமல் இல்லையென்றும் சொல்லாமல் செய்தியின் நம்பகத்தை ஐயத்தில் நிறுத்தும் இத்தகைய பதில், உளவு விவகாரங்களில் உலக அரசுகள் பலவற்றுக்கும் பொதுவானது.

இத்தாலியின் ஹேக்கிங் டீம் நிறுவனத்தின் கோப்புகள் 2015 ஜூலையில் கசிந்தபோது, அதன் வாடிக்கையாளர் பட்டியலில் சிங்கப்பூரின் தகவல்தொடர்பு வளர்ச்சி ஆணையமும் காணப்பட்டது. உள்ளூரில் அச்செய்தி நீண்டநாள் பேசப்படவில்லை.

ஆவணப்படங்கள்

அச்சை விடத் திரையே ஆபத்தானது என்ற கருத்து அரசுத் தரப்பில் வெளிப்படையாகவே சொல்லப்பட்டிருக்கிறது. மார்ட்டின் சீ எடுத்த 'சிங்கப்பூர் ரெபெல்' என்னும் 26 நிமிடப் படம் எதிர்க்கட்சித் தலைவர் சீ சூன் ஜுவானைப் பற்றியது. 2005இல் அது திரைப்பட விழாவிலிருந்து விலக்கப்பட்டது. இயக்குநரைக் காவல்துறை விசாரித்து அவரது கேமராவை எடுத்துக்கொண்டது. நான்கு ஆண்டுகளுக்குப் பின் அனுமதி கிடைத்தது. முன்னாள் பத்திரிகை ஆசிரியர் சயீத் ஜஹாரி 17 ஆண்டுகள் விசாரணையின்றிக் காவலில் இருந்ததைப் பற்றிய மார்ட்டின் சீயின் இன்னொரு படம் 2007இல் தடைசெய்யப்பட்டது. கைதானவர் தம்மை நல்லவராகக் காட்டிக்கொள்ளும் முயற்சி அது என்பது அரசின் விளக்கம்.

டான் பின் பின் இயக்கிய 'டு சிங்கப்பூர், வித் லவ்' நாட்டைவிட்டு வெளியேறிய அரசியல் செயற்பாட்டாளர்களின் நினைவுகளைப் பதிவுசெய்கிறது. பாதுகாப்பு அமைப்புகளின் முறையான நடவடிக்கைகளைத் திரித்துக் காட்டுவதாகக் கூறி, 2014 செப்டம்பரில் அதைப் பொதுவில் திரையிட அனுமதி மறுக்கப்பட்டது. புத்தகத்துக்கு மறுப்பு எழுதலாம், படம் அப்படியல்ல, பார்ப்பவரை நம்பவைத்துவிடும் என்று பிரதமர் லீ சியன் லூங் விளக்கினார். மைக்கேல் மூரின் 'ஃபாரன்ஹைட் 9/11' படத்தை அவர் எடுத்துக்காட்டாகச் சொன்னார். படத்தைப் பார்க்க விரும்பியோர் பாலம் கடந்து ஜோகூர் பாருவுக்குச் சென்றனர். மேல்முறையீட்டுக் குழுவும் நவம்பரில் தடையை உறுதிசெய்தது.

எனினும் எல்லாப் படமும் தடுக்கப்பட்டதில்லை. 1987இல் 'ஸ்பெக்ட்ரம் நடவடிக்கை'யில் 22 பேர் கைதானதைப் பற்றி ஜேசன் சூ எடுத்த '1987: அன்டிரேசிங் தி கான்ஸ்பிரசி' 21 வயதுக்கு மேற்பட்டோருக்கு மட்டும் என்ற சான்றிதழைப் பெற்றது.

நிதி என்ற அளவுகோல்

நிதியை வைத்து நம்பகத்தை அளப்பது சிங்கப்பூருக்கு மட்டும் உரியதல்ல. ஸ்னோடன் ஆவணங்களை வெளியிட்ட கிளென் கிரீன்வால்டும், 'சிட்டிசன்ஃபோர்' படத்துக்காக 2015இல் ஆஸ்கர் பெற்ற லாரா பாய்ட்ராசும், ஈபே நிறுவனர் பியர் ஒமிட்யாரின் பணத்தில் தொடங்கிய ஊடக நிறுவனத்தில் சேர்ந்தபோது இடதுசாரி வட்டாரங்களிலேயே கேள்வி எழுந்தது. அமெரிக்காவில் அது விவாதமாக நின்றது. சிங்கப்பூரில் நிர்வாக முடிவாகிறது. வரலாற்றாய்வாளர் தும் பிங் ஜின், செய்தியாளர் கர்ஸ்டன் ஹான் ஆகியோர் தொடர்புடைய நியூ நாரட்டிஃப் தளத்துக்காக ஒரு நிறுவனத்தைப் பதிவுசெய்யும் விண்ணப்பம் 2018இல் நிராகரிக்கப்பட்டது. ஜார்ஜ் சோரசின் அறக்கட்டளையிடமிருந்து அவர்களுக்கு வந்த 75,000 அமெரிக்க டாலர் காரணமாகக் காட்டப்பட்டது. அதற்குச் சற்று முன்னர்தான், பொய்ச் செய்திகள் குறித்த நாடாளுமன்றத் தெரிவுக்குழுவில் அமைச்சர் சண்முகம் தும் பிங் ஜின்னை ஆறு மணி நேரம் வரை குறுக்குவிசாரணை செய்தார். விவாதப் பொருள், இடதுசாரிகள் கைதான 1963ஆம் ஆண்டின் 'கோல்ட்ஸ்டோர் நடவடிக்கை'.

வாசகர் தரப்பு ஐயம்

உள்ளூர் ஏடுகள் அரசுக்குச் சாதகமாகவே எழுதும் என்ற எண்ணம் வாசகரிடையே பழையது. தற்காப்பு அமைச்சின் உளவுப் பிரிவுக்கு 1970களில் தலைமை தாங்கிய எஸ். ஆர். நாதன், 1982இல் ஸ்திரெய்ட்ஸ் டைம்ஸ் நிறுவனத்தின் செயல்தலைவரானார். 1999 முதல் 2011 வரை அதிபராகவும் இருந்தார். உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் முன்னாள் இயக்குநர் ஒருவரும் பின்னாளில் சிங்கப்பூர் பிரஸ் ஹோல்டிங்சுக்குத் தலைமை ஏற்றார்.

மாற்று ஊடகங்களும் ஐயத்துக்கு அப்பாற்பட்டவை அல்ல. நாளிதழ்களை வெளியிடும் எஸ்பிஎச் மீடியாவின் விற்பனை எண்ணிக்கை மிகைப்படுத்தப்பட்டிருந்ததை 2023 ஜனவரியில் முதலில் வெளிக்கொணர்ந்தது வேக் அப் சிங்கப்பூர் என்ற தளம். நிறுவனம் அதை ஒப்புக்கொண்டது. அதே தளம் கேகே மகளிர், சிறார் மருத்துவமனை பற்றி 2022இல் வெளியிட்ட செய்தியோ பொய்யென்று தெரியவர, அதன் நிறுவனருக்கு 8,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. செய்தியை அதன் முகவரியை வைத்து மட்டும் ஏற்பதோ தள்ளுவதோ எவ்வளவு தவறாகும் என்பதற்கு இத்தளம் ஒன்றே போதுமான சான்று.

லிட்டில் இந்தியாவும் கேமராக்களும்

2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு ரேஸ் கோர்ஸ் சாலையில் தனியார் பேருந்து மோதி இந்திய ஊழியர் ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து லிட்டில் இந்தியாவில் கலவரம் மூண்டது. ஓட்டுநரை அதிகாரிகள் காப்பாற்றுகிறார்கள் என்று கூட்டத்தினர் தவறாக எண்ணியது கலவரத்துக்கு ஒரு காரணமென முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு கண்டது. ஊழியர்களின் வாழ்க்கை நிலையே காரணம் என்ற வாதத்தை அது ஏற்கவில்லை. அந்த வாதத்தை முன்வைத்த வெளிநாட்டுத் தலையங்கங்களை அரசும் மறுத்தது.

கேமராப் பதிவுகளும் பொதுமக்கள் கைபேசியில் எடுத்த காணொளிகளும் விசாரணைக்கு உதவின. பின்னர் லிட்டில் இந்தியாவின் தேக்கா பகுதியைச் சுற்றிக் கேமராக்களும் விளக்குகளும் கூடின. 2015 முதல் இவ்வட்டாரம் மதுக்கட்டுப்பாட்டு மண்டலம். சனி காலை 7 மணி முதல் திங்கள் காலை 7 மணி வரை பொதுவிடத்தில் குடிக்கக் கூடாது. நாடெங்கும் 2021இல் 90,000க்கு மேல் இருந்த காவல்துறைக் கேமராக்களை 2,00,000க்கு மேல் உயர்த்தும் திட்டத்தை அதே ஆண்டு உள்துறை அமைச்சராக இருந்த சண்முகம் அறிவித்தார்.

ஞாயிறுதோறும் இங்கு கூடும் வெளிநாட்டு ஊழியர்களின் வேலை அனுமதி முதலாளியைச் சார்ந்தது. அதனால் கண்காணிப்புப் பற்றிப் பெயர் சொல்லிப் பேச அவர்கள் தயங்குவது இயல்பு. பெயரில்லாத சாட்சியை நம்பி எழுதப்படும் செய்தி எளிதில் ஐயத்துக்கு உள்ளாகிறது.

டிரேஸ்டுகெதர் விவகாரம்

கொவிட் தொற்றுத் தடமறிய 2020 மார்ச்சில் அறிமுகமான டிரேஸ்டுகெதர் செயலியின் தரவு வேறெதற்கும் பயன்படாது என்று அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் உறுதியளித்திருந்தார். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்கீழ்க் காவல்துறை அதைப் பெறலாம் என்று 2021 ஜனவரி 4இல் உள்துறைத் துணையமைச்சர் டெஸ்மண்ட் டான் நாடாளுமன்றக் கேள்விக்குப் பதிலளித்தார். அதற்குள் மக்களில் முக்கால்வாசிக்கு மேற்பட்டோர் அதில் சேர்ந்திருந்தனர். கொலை வழக்கு ஒன்றில் அத்தரவு ஏற்கெனவே கேட்கப்பட்டிருந்ததும் தெரியவந்தது. பாலகிருஷ்ணன் பொறுப்பேற்றுக்கொண்டார். ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் தரவைப் பயன்படுத்தலாம் என வரையறுக்கும் சட்டம் பிப்ரவரி 2இல் நிறைவேறியது.

மதிப்பீடு

சிறிய, பல்லின நாட்டில் வெளிநாட்டுப் பணமும் பொய்ச் செய்தியும் விரைந்து தீங்கு செய்யும் என்பது அரசின் ஐயத்தை ஆதரிப்போரின் வாதம். எல்லைகளற்ற செய்தியாளர் அமைப்பின் 2021ஆம் ஆண்டுப் பட்டியலில் 180 நாடுகளுள் சிங்கப்பூர் 160ஆம் இடத்தில் இருந்ததைச் சுட்டுவோர், ஐயம் தணிக்கைக்கு முகமூடியாகிறது என்கின்றனர். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பது நியாயமே. ஆனால் அக்கேள்விக்கான விடை செய்தி மெய்யா பொய்யா என்பதைத் தீர்ப்பதில்லை. டிரேஸ்டுகெதர் விவகாரத்தில் தகவலைச் சொன்னவரின் நோக்கம் பற்றி எவரும் கேட்கவில்லை. சொன்னது அரசு என்பதால் விவாதம் நேரே தரவுக்குச் சென்றது, ஒரு மாதத்துக்குள் சட்டமும் வந்தது. அதே தகவல் கசிந்த கோப்பொன்றிலிருந்து வந்திருந்தால், கசியவிட்டவர் மீதும் பெற்றவர் மீதும் 1935ஆம் ஆண்டுச் சட்டம் பாய்ந்திருக்க இடமுண்டு.