தமிழக முன்னேற்ற முன்னணி

நடிகர் சிவாஜி கணேசன் காங்கிரசிலிருந்து பிரிந்து 1988 பிப்ரவரியில் தொடங்கிய கட்சி. ஒரே ஒரு பொதுத்தேர்தலைச் சந்தித்துவிட்டு ஜனதா தளத்தில் கரைந்தது.

பிளவுக்குக் காரணம் கொள்கை அல்ல, ஒரு நம்பிக்கை வாக்கெடுப்பு. 1987 டிசம்பர் 24 அன்று முதல்வர் எம்.ஜி.ஆர். மறைந்ததும் அ.தி.மு.க. ஜானகி அணி, ஜெயலலிதா அணி என உடைந்தது. முதல்வரான ஜானகிக்குப் பெரும்பான்மை காட்டக் காங்கிரசின் தயவு தேவைப்பட்டது. ஆதரிக்கலாம் என்றார் சிவாஜி; காங்கிரஸ் தலைவர் ராஜீவ் காந்தி மறுத்துவிட்டார். ஜனவரி 28 அன்று பேரவையில் அடிதடி, 30-இல் ஆட்சி கலைப்பு. சிவாஜி தம் ஆதரவாளர்களுடன் வெளியேறினார். சிறு கட்சிகள் அவருக்குப் புதிதல்ல, 1961-இல் ஈ.வெ.கி. சம்பத் தி.மு.க.விலிருந்து பிரிந்து தொடங்கிய தமிழ்த் தேசியக் கட்சியையும் அவர் ஆதரித்திருந்தார். அது 1964-இல் காங்கிரசில் இணைந்தது.

முன்னணியின் முதலீடு ரசிகர் மன்றங்கள்தான். சிக்கலும் அங்கேதான். மதுரையையே எடுத்துக்கொள்வோம். நாகமலைக்கு வடக்கே வைகைக் கரையில் இருக்கும் சோழவந்தானின் மூக்கையாவாக சிவாஜி வந்த ‘பட்டிக்காடா பட்டணமா’ (1972) படத்தை இப்பகுதி தன் சொந்தக் கதையாகவே கொண்டாடியது. இங்குள்ள சிவாஜி ரசிகர் காமராஜர் காலத்துக் காங்கிரஸ்காரர். கொட்டகை வாசலில் எம்.ஜி.ஆர். ரசிகரோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டியவர். அவரிடம் போய், எம்.ஜி.ஆரின் மனைவி அணியோடு கூட்டணி, அந்த அணியின் ‘இரட்டைப் புறா’ சின்னத்துக்கும் ஓட்டுப் போடு என்றால் எப்படிப் போடுவார்? பழைய காங்கிரஸ் ஓட்டு தமிழகக் காங்கிரஸ் தலைவர் மூப்பனார் பக்கமே நின்றது. கட்சிக்குப் பிரசாரமாக எடுத்த ‘என் தமிழ் என் மக்கள்’ (1988) படமும் கைகொடுக்கவில்லை.

1989 ஜனவரி தேர்தலில் தி.மு.க. 150 இடங்களுடன் ஆட்சியைப் பிடித்தது. ஜெயலலிதா அணி 27, காங்கிரஸ் 26. முன்னணிக்கு ஓரிடமும் இல்லை. திருவையாற்றில் சிவாஜியே தி.மு.க.வின் துரை சந்திரசேகரனிடம் 10,643 வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். ஆண்டிபட்டியில் ஜானகியும் தோற்றார். விரைவில் அ.தி.மு.க. அணிகள் ஒன்றாகி, இரட்டை இலைச் சின்னத்தை மீட்டு, மார்ச் மாதம் மதுரை கிழக்கு இடைத்தேர்தலில் வென்றன. முன்னணிக்கு அங்கே இடமே இல்லாமல் போனது.

கட்சியை ஜனதா தளத்தில் இணைத்த சிவாஜி, அதன் மாநிலத் தலைவராகச் சிறிது காலம் இருந்து அரசியலை விட்டு விலகினார். பேரவை கலைந்த பிறகு பிறந்த இக்கட்சிக்கு, அப்பேரவையில் ஒரு நாள்கூட உறுப்பினர் இருந்ததில்லை.