மூச்சும் முள்ளும்

மதுவுண்டு வண்டி செலுத்தியவனை அறிதற்கு முற்காலத்தில் பொலிசாரின் கண்ணும் மூக்குமே பெரிதுஞ் சான்றாயிருந்தன. அமெரிக்காவின் இந்தியானா மாநிலப் பொலிஸ் சேவையில் விளங்கிய றொபேட் போர்க்கன்ஸ்ரைன் 1954ஆம் ஆண்டில் ஆக்கிய மூச்சுக் கருவி இந்நிலையை மாற்றிற்று. மூச்சிலுள்ள மதுசாரம் பொற்றாசியம் இருகுரோமேற்றுக் கரைசலின் மஞ்சள் நிறத்தைக் குன்றச் செய்யும். அம்மாற்றத்தை ஒளிக்கலம் உணர, முள் எண்ணைக் காட்டும். ஆள் பொய் கூறினும் கருவி பொய் கூறாது என்னும் நம்பிக்கை மன்றுகளில் வேரூன்றியது.

அந்நம்பிக்கை 1982ஆம் ஆண்டில் அசைந்தது. அருகிலியங்கும் வானொலிச் செலுத்தியின் மின்காந்த அலைகள் சில மாதிரிக் கருவிகளின் சுற்றுட் புகுந்து அளவீட்டைப் பிறழ்விக்கலாமென அவற்றை ஆக்கியோரே அறிவித்தனர். குற்றத்தை நாடிய பொலிசாரின் கைவானொலியே சான்றைக் கெடுக்கக்கூடுமென்பது விந்தையன்றோ!

நியூ ஜேர்சி மாநிலத்தின் உயர் நீதிமன்றம் 1984ஆம் ஆண்டில் இப்பிரச்சினையை ஆராய்ந்தது. கருவியை அது தள்ளிவிடவில்லை, காப்புக்களையே வேண்டிற்று. அவற்றுளொன்று, இரு சோதனைகளின் அளவீடுகள் 0.01 சதவீதத்திற்கு மேல் வேறுபடாதிருத்தல். வந்து மறையும் இடையூறு இருமுறையும் ஒரே எண்ணைத் தருதல் அரிது என்பது இதன் கருத்து. பின்வந்த கருவிகள் பலவற்றில், அந்நிய அலையை உணர்ந்தவுடன் சோதனையை நிறுத்தும் சுற்றும் அமைக்கப்பட்டது.

ஐயமெழுந்தவிடத்து எண் கூறாது அமையக் கற்ற கருவியே, ஒருவனது மானத்தைத் தீர்க்கும் மன்றிற் சான்றாதற்கு உரியது.