மலையேற்றத்தில் கொதித்து நின்ற கார்: பழுதறிதல்

இன்ஜின் கொதித்து நின்ற கார் மறுபடி ஸ்டார்ட் ஆகாமல் போவது மலைச்சாலைகளில் நேரும் பழுது. சிலிண்டர் ஹெட் வளைந்துபோன பெருஞ்சேதமும், சூட்டில் சற்று நேரம் முடங்கிய சென்சாரும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அவற்றைப் பிரித்தறியும் முன் சாவியைத் திருப்பிக்கொண்டே இருந்தால், சிறிய பழுதும் பெரிதாகும்.

சாலைகளின் இயல்பு

தேனி மாவட்டத்திலிருந்து போடிமெட்டு (தேசிய நெடுஞ்சாலை 85), குமுளி (183), கம்பம்மெட்டு வழியாகச் சாலைகள் கேரளத்துக்கு ஏறுகின்றன. 17 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட போடிமெட்டுச் சாலை சுமார் 1,000 மீட்டர் உயரம் ஏறுகிறது. முதல், இரண்டாம் கியரில் இன்ஜின் வேகமாகச் சுழலும். வண்டியோ மெதுவாக நகர்வதால் ரேடியேட்டருக்குக் காற்று போதாது. மின்விசிறியோ அதன் ரிலேயோ பழுதானால் சூடு விரைவில் ஏறும். ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப்புகளுக்குச் சுமையும் சேர்ந்துகொள்கிறது.

போடிமெட்டு உயரத்தில் திறந்த பாத்திரத் தண்ணீர் சுமார் 96 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும். ரேடியேட்டர் மூடி ஏறத்தாழ 1 பார் அழுத்தத்தைப் பிடித்துவைப்பதால்தான் கூலன்ட் கலவை 120 டிகிரி வரை தாங்குகிறது. மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அந்தக் காப்பு போய்விடும்.

வெப்பத்தின் விளைவுகள்

அலுமினிய ஹெட், வார்ப்பிரும்பு பிளாக்கைப்போல் சுமார் இரு மடங்கு விரியும். அளவு மீறிய சூட்டில் ஹெட் வளைந்து, இரண்டுக்கும் இடையிலுள்ள கேஸ்கெட் பிய்யும். அதனால் கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்கலாம், ஆயிலோடு கலக்கலாம், அல்லது கம்ப்ரஷன் கசியலாம். கூலன்ட் முழுதும் வெளியேறிவிட்டால் சென்சாரைச் சுற்றித் திரவம் இராது. அப்போது வெப்பமானி முள் இறங்குவது இன்ஜின் குளிர்ந்ததற்கு அடையாளமல்ல.

சோதனை வரிசை

ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறந்தால் கொதிநீர் பீறிட்டு முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸைக் கையால் பிடிக்க முடிகிற அளவு ஆறியபின், தடித்த துணி போட்டு மெல்லத் திறக்க வேண்டும். சூடான இன்ஜின்மேல் பச்சைத்தண்ணீர் ஊற்றினால் ஹெட் விரிசல் விடக்கூடும்.

அடுத்து ஆயில் மூடியின் அடிப்பக்கம். அங்கே பால் காபி நிறத்தில் குழம்பு படிந்திருந்தால், ஆயிலில் தண்ணீர் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். வெளியே ஒழுகாமல் கூலன்ட் குறைந்திருந்தால், சாவியைத் தொடும் முன் பிளக்குகளைக் கழற்றி, கிராங்க் புல்லியை ஸ்பேனரால் சுற்றிப் பார்க்க வேண்டும். பிளக் துளை வழியே தண்ணீர் தெறித்தால் கேஸ்கெட் போயிருக்கலாம், ஹெட் விரிசல் விட்டிருக்கலாம். பிளக் இல்லாமலும் சுற்ற மறுத்தால் பிஸ்டன் சீஸ் ஆகியிருக்கக்கூடும்.

இன்ஜின் தடையின்றிச் சுற்றினால் சாவியைத் திருப்பலாம். செல்ஃப் எடுக்கவில்லையென்றால் பேட்டரியும் டெர்மினலும் முதலில் பார்க்க வேண்டியவை. நல்ல 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். வழக்கத்தைவிட லேசாக, வேகமாகச் சுற்றினால் கம்ப்ரஷன் இல்லை. கேஸ்கெட்டோ டைமிங் பெல்ட்டோ காரணமாகலாம். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் மட்டும் கம்ப்ரஷன் குறைந்திருந்தால் அவற்றுக்கு இடையே கேஸ்கெட் பிய்ந்திருக்க வாய்ப்பு மிகுதி. சீராகச் சுற்றியும் பற்றாவிட்டால் பொறி, எரிபொருள், கிராங்க் சென்சார் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். ஆறியபின் தானே ஸ்டார்ட் ஆனால் சந்தேகம் பெரும்பாலும் சென்சார் பக்கம் சாயும். பழைய கார்புரேட்டர் வண்டிகளில் பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைப்பதும் உண்டு.

தள்ளி ஸ்டார்ட் செய்தல்

சிலிண்டரில் தண்ணீர் நிற்கும்போது தள்ளியோ, இறக்கத்தில் உருட்டியோ கியரில் விடுவது ஆபத்து. தண்ணீர் காற்றைப்போல் அமுங்காது. கனெக்டிங் ராடுதான் வளையும். ஹெட் வேலையோடு முடிய வேண்டிய பழுது முழு இன்ஜின் வேலையாகிவிடும்.

பழுது நீக்கம்

வளைந்த ஹெட்டை லேத்தில் ஃபேசிங் செய்து, புது கேஸ்கெட் போட்டு, போல்ட்டுகளை உரிய வரிசையில் இறுக்குவார்கள். ஆனால் சூடேறிய மூலகாரணம் தெர்மோஸ்டாட்டா, வாட்டர் பம்ப்பா, விசிறியா, ரேடியேட்டர் அடைப்பா என்று கண்டு சரிசெய்யாவிட்டால், புது கேஸ்கெட்டும் அடுத்த மலையேற்றத்தில் போய்விடும்.